கொப்பியில் உள்ள சிவப்புக் கறை

என் பிரியாவிடை நாளன்று நீங்கள் எல்லாரும் கேக் துண்டுக்கு அடிபட்டுக்கொண்டு நிற்க, உங்களில் ஒரு தங்கச்சி அலுமாரியிலிருந்து பழைய ஆய்வுகூடக் கொப்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நடுப்பக்கம் ஒன்றை விரித்துக் காட்டினார். பெருவிரல் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. "சேர், இது தங்கத் தண்ணி ஊத்துப்பட்டதா?" என்று கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கேக்கைத் தின்றேன்.

அது பொய். முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, போகிற அன்றும் ஒரு பொய்யை வைத்துவிட்டுப் படியிறங்கினேன். அந்தக் கேக் இன்னும் எனக்குச் செமிக்கவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். எந்தக் கரைசலை எத்தனை பாகையில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடக்கிறது. அதை நான் சொல்ல வரவில்லை. அந்தக் கறையின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கிழவனுக்குக் கதை நீளும்.

நான் வெல்லாவெளிக்காரன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வட்டையும் வயலும்தான் தொழில். நான் ஒருவன் தப்பி வந்து பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தன் ஆனேன். யுத்தத்துக்கு நடுவே வந்த சமாதான காலத்தில், பாதைகள் எல்லாம் திறந்திருந்த அந்த இரண்டு மூன்று வருடத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு விரிவுரையாளர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவருடைய பெயரை எழுதமாட்டேன்; எழுதினால் கோபிப்பார். எல்லாருக்கும் அவர் மிஸ். மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம். தகப்பன் தச்சுவேலை செய்தவர். என்னைவிட மிஸ் பன்னிரண்டு வயது இளையவர். எனக்கு வேலை பழக்கியவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

மிஸ் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து, கடித உறைக்குள் ஒரு காய்ந்த இலை. புகையிலைச் செடியில் தேமல் போடுகிற வைரஸ் ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் அந்த இலைக்குள் இருந்தது. ஆனால் சாதாரண வைரஸ் அல்ல. அதன் மரபணுவில் மிஸ் கைவைத்து, அதன் மேல்தோல் முழுக்க உலோகத்தைப் பிடிக்கிற கொளுக்கிகள் முளைக்கும்படி செய்திருந்தார்.

"இது எதுக்கு மிஸ்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வாவிக்குள்ள கம்பு நட்டா என்ன நடக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

"மட்டி பிடிக்கும்."

"ஒருத்தரும் ஒட்டாம தானாப் பிடிக்குது தானே? இந்த வைரஸ் ஒரு கம்பு. கண்ணுக்குத் தெரியாத கம்பு. எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிப்பு. எந்த மெசினும் அப்பிடி வெட்டாது. உலோகம் கரைஞ்ச தண்ணிக்குள்ள போட்டா, மட்டி மாதிரித் தானாப் பிடிக்கும். கம்பு எங்களுக்கு வேணாம். மட்டிக்கூடுதான் வேணும்."

அந்த உலோகக் கூடுகளைக் கோடிக்கணக்கில் நெருக்கி நட்டு ஒரு பற்றரி செய்யவேண்டும் என்பது அவருடைய கனவு. சின்னதாக, கன நேரம் நிற்கிற பற்றரி. யுத்த காலத்தில், வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்கு டோர்ச் பற்றரிகூடக் கொண்டுபோக விடாமல் ஆமிக்காரர் தடுத்த ஊர் இது. அந்த ஊரில் இருந்துகொண்டு பற்றரி செய்ய நினைத்தவர் மிஸ். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம் சொல்லவேண்டும். கொழும்பில் சோதிக்கக் கொண்டுபோன எங்கள் வைரஸைத் திரும்ப ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு நானும் மிஸ்ஸும் வான் ஒன்றில் வந்துகொண்டிருந்தோம். பெட்டியில் பெரிய ஆங்கில எழுத்தில் 'வைரஸ்' என்று மிஸ் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதைப் படித்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனான். நான் மெல்ல, "மருந்தெண்டு சொல்லுங்க மிஸ், விட்டிருவாங்க" என்றேன். மிஸ் கேட்கவில்லை. சிங்களத்தில் ஆற அமர விளங்கப்படுத்தினார். இது புகையிலைக்கு வருகிற நோய், மனிதருக்கு ஒன்றும் செய்யாது, இதோ அனுமதிக் கடிதம் என்று. மேலதிகாரி வந்து, கடிதம் பார்த்து, யாருக்கோ தொலைபேசி எடுத்து, எங்களை விட இரண்டு மணித்தியாலம். வெயிலில் நான் கருவாடாகிப்போனேன்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ரெண்டு மணித்தியாலம் மிச்சம்" என்று முணுமுணுத்தேன்.

"ஓம். மறுகா ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்லையே சொல்லோணும்" என்றார் மிஸ்.

அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி வெற்றிலைக்கு வருவோம். நான் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறவன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வட்டாவை நீட்டுவார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை வைத்த பித்தளைத் தட்டு அது. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் வட்டாவில் கைவைக்காமல் எழும்பினால் அந்த வீட்டோடு உறவில்லை என்று அர்த்தம். ஆனால் காய்ந்த புகையிலைக்குள்ளும் அந்தத் தேமல் வைரஸ் சாகாமல் கிடக்கும். பதப்படுத்தினாலும் போகாது. புகையிலை தொட்ட விரலால், மிஸ்ஸின் வைரஸை நாங்கள் வளர்க்கிற புகையிலைச் செடியைத் தொட்டால், யாரும் கைவைக்காத அந்தக் காட்டு வைரஸ் ஏறிவிடும். மிஸ்ஸின் வைரஸ் படித்த வீட்டுப் பிள்ளை மாதிரி, மெதுவாகத்தான் வளரும். காட்டு வைரஸ் அதை மூன்று கிழமையில் தின்று முடித்துவிடும்.

ஆகவே மிஸ் ஒரு சட்டம் போட்டார். கை வைக்கமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். அதன்பிறகு ஆடை நீக்கிய பால்மாவைக் கரைத்து அதில் கையை முக்கவேண்டும். பாலில் உள்ள புரதம் அந்த வைரஸை முடக்கிவிடும் என்பது பழைய தோட்டக்காரர் வித்தை. அதற்கு மேல்தான் கையுறை. பக்கத்துப் பிரிவுக்காரர் எங்களுக்குப் 'பால்ல கை கழுவுற ஆக்கள்' என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வேலை நாட்களில் வெற்றிலையையும் விட்டேன். வீட்டில் மனைவி, "நான் இருவது வருசம் சொல்லிக் கேட்காத மனிசன்" என்று மிஸ்ஸுக்கு ஒரு சருவம் நிறைய முந்திரிகைக் கொட்டை கொடுத்தனுப்பினாள்.

அந்த வருட நத்தார் விடுமுறைக்கு முந்திய கடைசி வேலை நாள். சுவர்த் தட்டில் இரண்டு பால் டின்கள். ஒன்று அன்றோடு முடிந்தது; நான்தான் கடைசித் தூளைத் தட்டிக் கரைத்தேன். மற்றது சீல் உடைக்காதது. ஒருவருக்கொருவர் நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டு நான் முதலில் கிளம்பினேன். மிஸ் ஏதோ வேலை இருக்கிறது, தான் பூட்டிவிட்டுப் போவதாகச் சொன்னார்.

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, கடல் வந்தது.

அதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப்பேருடைய வீட்டில் அந்தக் கதை இருக்கிறது. வளாகம் உள்ளே இருந்ததால் தண்ணீர் எங்களைத் தொடவில்லை. கடலோரத்து டச்பாரில் மிஸ்ஸின் வீடு இருந்த இடம் மணலாகிவிட்டது. தாய் காலைப் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார். தகப்பன் வீட்டில் இருந்தார். மிஸ் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக, ஒவ்வொரு பாடசாலையாகத் தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நாற்றுமேடையைப் பார்த்துக்கொண்ட சாமித்தம்பி கல்குடாக்காரன். அவனுடைய மனைவி போய்விட்டாள். பத்து மாதப் பெண் குழந்தையோடு அவன் வளாகத்துக்குக் கிட்டடியில் ஒரு பாடசாலை முகாமில் இருந்தான்.

வளாகத்துக்கு மின்சாரம் இல்லை. பிரிட்ஜ் செத்துவிட்டது; அதற்குள் வைத்திருந்ததெல்லாம் புளித்து நாறியது. பிரிட்ஜ் கிடைத்த நாளிலிருந்து நாங்கள் இலை காயவைப்பதை விட்டிருந்தோம். விளக்கில்லாத அறைக்குள் மிஸ்ஸின் செடிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. எட்டாம் நாள் பார்த்தபோது ஒரேயொரு செடியில் இரண்டு இலை பச்சையாக இருந்தது. வெளியே வலைக்கொட்டிலில் சாமித்தம்பி போட்ட நாற்றுகள் நல்லபடி நின்றன. அந்த இரண்டு இலையை அரைத்து நாற்று இலைகளில் விரலால் தேய்த்தால் மிஸ்ஸின் வைரஸ் பிழைக்கும். தேய்க்காவிட்டால் அடுத்த நாள் ஒன்றும் இராது. அப்பனைத் தேடித் திரிகிற ஒரு பிள்ளைக்கு இந்த ஒன்றையாவது மிச்சம் வைத்துக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்று காலைதான் முகாமில் சாமித்தம்பியின் மனைவிக்கு எட்டுச் சடங்கு. அவனுடைய குழந்தைக்குப் பால் இல்லை, வெறும் தேத்தண்ணி பருக்குகிறான் என்று முதல் நாளே கேள்விப்பட்டிருந்தேன். சீல் உடைக்காத பால் டின்னை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். இப்போது கேட்டாலும் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

வகுப்பறை மூலையில் பாயில் இருந்தான் சாமித்தம்பி. வட்டா இல்லை. யாரோ கொடுத்த பிஸ்கட் டின் மூடியைக் கவிழ்த்துத் துடைத்து, அதில் வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

"ஒண்டும் இல்ல சேர். இதுதான் இரிக்கி" என்றான்.

அந்த மூடியைத் தட்டிவிட எந்த மனிதனால் முடியும்? நான் எடுத்தேன். புகையிலையையும் கிள்ளிப் போட்டேன். அவன் அழவில்லை, நான்தான் வெற்றிலையை மென்றுகொண்டு அழுதேன்.

அங்கிருந்து நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தேன். வேலை தொடங்கமுன் கொப்பியில் நேரம் எழுதவேண்டும் என்பது மிஸ்ஸின் இன்னொரு சட்டம். வாயைத் துடைத்த பெருவிரலோடு கொப்பியை விரித்து எழுதினேன். பிறகு சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். கையுறை? பெட்டி பெட்டியாக இருந்தது எல்லாம் மூன்றாம் நாளே பிரேதம் எடுக்கப் போன பொடியன்மாருக்குக் கொடுத்தாயிற்று. பால்? தட்டில் கையை வைத்தேன். மற்ற டின் கிடந்தது. எடுத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. பால்மா அள்ளுகிற கரண்டி. வெறும் டின். திரும்ப வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரலில் சுண்ணாம்பு மணம் இருந்தது. முகாமுக்குத் திரும்பிப் போய் ஒரு கரண்டி பால்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். சைக்கிளில் இருபது நிமிடம். ஆனால் கொடுத்த டின்னிலிருந்து திருப்பிக் கேட்பதா என்று வெட்கம். வெற்றிலை போடாத ஒருவரைக் கூட்டிவந்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. மூன்று தரம் கழுவியாயிற்றே, என்ன வரப்போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இலையைத் தேய்த்தேன்.

ஒரு மாதம் கழித்து மிஸ் வந்தார். தகப்பன் கிடைக்கவில்லை. தாயைக் கூட்டிக்கொண்டு அண்ணனிடம் வெளிநாடு போகப்போவதாகச் சொன்னார். தாய் இரவில் கடல் சத்தம் கேட்டால் கத்துகிறாராம். வாசலிலேயே நின்று, "இரிக்கா?" என்று ஒரு சொல்தான் கேட்டார்.

"இரிக்கி மிஸ். நாத்தெல்லாம் பிடிச்சிட்டு" என்றேன்.

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் அழாமல் இருந்திருப்பார் போல. அன்று நான் சொன்னது பொய் அல்ல; எனக்கும் அப்போது தெரியாது.

அவர் போய் இரண்டு கிழமையில் இலைகளில் தேமல் விழுந்தது. வழக்கத்தைவிட அழுத்தமாக, கண்ணைப் பறிக்கிற மஞ்சளும் பச்சையுமாக. நான் மகிழ்ந்தேன். மடையன். பிறகு தங்கச் சோதனை செய்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: தங்கத்தை மிக நுண்ணிய தூளாக்கித் தண்ணீரில் விட்டால் சிவப்பாக இருக்கும். அதை வைரஸோடு கலந்து சுழற்றினால், கொளுக்கி உள்ள வைரஸ் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். மேலே தண்ணீர் தெளியும். கொளுக்கி இல்லாவிட்டால் சிவப்பு மேலேயே நிற்கும்.

சிவப்பு மேலேயே நின்றது. திரும்பச் செய்தேன். ஏழு தரம் செய்தேன். ஏழு தரமும் மேலேயே நின்றது. அடியில் படிந்ததெல்லாம் காட்டு வைரஸ். சாமித்தம்பியின் பிஸ்கட் டின் மூடியிலிருந்து என் விரலில் ஏறி வந்தது.

நான் மிஸ்ஸுக்கு எழுதவில்லை.

தகப்பனை இழந்த பிள்ளைக்கு இதையும் எப்படிச் சொல்வது என்று ஒரு காரணம் வைத்தேன். சொன்னால் பழி சாமித்தம்பியின் வெற்றிலையிலும் அந்தக் குழந்தையின் பாலிலும் அல்லவா விழும் என்று இன்னொரு காரணம் வைத்தேன். இரண்டும் கேட்க நல்ல காரணங்கள். உண்மையான காரணம் பயம். மிஸ்ஸுக்கு முன்னால் நான் சின்னவனாகிவிடுவேனே என்ற பயம்.

மிஸ்ஸிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். 'பயிர் எப்படி?' என்று கேட்டிருப்பார். நாம் எல்லாரும் எழுதுகிற மாதிரித்தான் நானும் எழுதினேன்: நலம், நலமறிய ஆவல். பயிரும் சுகம். சுகம்தான். காட்டு வைரஸுக்கு என்ன குறை? அந்தச் சொல்லில் பொய் இல்லை என்று என்னை நானே சமாளித்தேன். ஆனால் ஒருமுறை சுகம் என்று எழுதினால் அடுத்த முறையும் சுகம் என்றே எழுதவேண்டி வந்தது. வெயிலில் நின்ற அந்த இரண்டு மணித்தியாலம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுபடி யுத்தம் வந்தது. படுவான்கரை முழுக்கச் சனம் எழும்பி வாவியைக் கடந்து வந்தது. வெல்லாவெளியிலிருந்து என் அண்ணன் குடும்பம், மாடுகளை அவிழ்த்துவிட்டு, உடுத்த உடுப்போடு என் வீட்டுக்கு வந்தது. அக்கரைக்கு ஷெல் போகிற சத்தத்தில் ஆய்வுகூடக் கண்ணாடி அதிரும். அந்த நேரத்திலும் நான் தவறாமல் போய்த் தண்ணீர் ஊற்றி, இலை மாற்றி, நாற்று மாற்றிக்கொண்டு இருந்தேன். எதை வளர்க்கிறேன் என்று தெரிந்துகொண்டே வளர்த்தேன். "உயிரைக் குடுத்துப் பாக்கிறார்" என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓடி ஒளியவேண்டும் போல இருக்கும்.

நடுவில் ஒரு நாள் தட்டைத் துப்புரவாக்கும்போது அந்த வெறும் பால் டின் கையில் பட்டது. எறிய எடுத்தேன். எங்கள் ஊரில் வெறும் டின்னை யாரும் எறிவதில்லை; அரிசி அளக்கலாம், பூக்கன்று வைக்கலாம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை. அதைப் பார்த்தாலே எட்டாம் நாள் காலை ஞாபகம் வந்தது. அலுமாரியின் மேல்தட்டில், ஆகப் பின்னால், சுவரோடு சாய்த்துத் தள்ளிவிட்டேன்.

யுத்தம் முடிந்த வருடம் மிஸ்ஸின் கடிதம் வந்தது. தாய் இறந்துவிட்டார். தான் ஊருக்கே வந்துவிடப்போவதாக எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: 'நான் படித்த ஆய்வுகூடத்தை மூடிவிட்டார்கள். நமது வைரஸ் இப்போது உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கடவுள் உங்களை வைத்திருக்கிறார்.' அதைப் படித்த அன்று நான் சோறு தின்னவில்லை.

வந்தார். தலையில் நரை விழுந்திருந்தது. சாமித்தம்பி ஓடிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தான். மிஸ் அறைக்குள் வந்ததும் செடிகளைத் தொடவில்லை. கதிரையில் உட்கார்ந்து முதலில் கொப்பியைத்தான் எடுத்தார். பழைய பக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. சுனாமிக்கு எட்டாம் நாள். என் கையெழுத்து. பக்கத்தில் பெருவிரல் அளவுக்குச் சிவப்பு.

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது தங்கமா?" என்று கேட்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எனக்கு அந்த நேரம் எவ்வளவு இலேசாக இருந்திருக்கும் தெரியுமா? ஓம் என்ற ஒரு சொல். செடிகள் பச்சையாக நிற்கின்றன. வைரஸ் நாட்போக்கில் தானாக மாறிவிட்டது என்று பிறகு சொல்லலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஒருவராலும் பிழை பிடிக்க முடியாது. என் வாய் ஓம் என்று சொல்லத் திறந்தும் விட்டது.

"இல்ல மிஸ். வெத்திலை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் டின் மூடி, கொடுத்த பால் டின், மூன்று தரம் கழுவியது, ஏழு தரம் சோதித்தது, நாலரை வருடம் சுகம் என்று எழுதியது. மிஸ் கொப்பியை மூடி வைத்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி வைரஸைப் பற்றியதல்ல.

"சாமித்தம்பிர புள்ள?"

"இரிக்கி மிஸ். வாற வருசம் பள்ளிக்குப் போகப்போகுது."

தலையாட்டினார். "பால் குடுத்தது பிழையில்ல. வெத்திலை போட்டதும் பிழையில்ல. நானெண்டாலும் போட்டிருப்பன். மறுகா அந்தக் கையோட போனதுதான் பிழை." கதிரையில் சாய்ந்துகொண்டார். "அதுவும் பெரிய பிழையில்ல. எட்டாம் நாள் ஆருக்குத்தான் புத்தி சரியா இருந்த?"

திடீரென்று, "பால் டின் ரெண்டு இருந்துதே. மற்றது எங்க?" என்றார்.

"அது வெறும் டின் மிஸ். கரண்டிதான் கிடக்கு."

மிஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "எறிஞ்சிட்டீங்களா?"

அந்தக் குரலில் மிஸ் என்னோடு அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. நான் மர வாங்கில் ஏறி, அலுமாரி மேல்தட்டில் கையை விட்டுத் துழாவி, தூசியோடு அந்த டின்னை இறக்கினேன். ஆட்டினேன். கிலுகிலுத்தது. மிஸ் வாங்கி, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே கரண்டி இல்லை. ஈரம் உறிஞ்சுகிற மணிகள் ஒரு கைப்பிடி. அதன்மேல் மடித்த உறை. உறைக்குள் காய்ந்து மொறுமொறுத்த ஒரு இலை. உறையில் அவருடைய கையெழுத்தில், நத்தார் விடுமுறைக்கு முந்திய அந்தக் கடைசி வேலை நாளின் திகதி.

"பிரிட்ஜை நான் நம்பல்ல" என்றார் மிஸ். "நீங்க போன பிறகு வைச்சன். நத்தார் முடிஞ்சு வந்து சொல்லுவம் எண்டு இருந்தன். வந்த அண்டைக்கு, இரிக்கி எண்டு சொன்னீங்க. சுகம் சுகம் எண்டு எழுதினீங்க. சுகமா இருக்கிறதுக்கு ஆரு டின்னைப் பத்திச் சொல்லுவா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நான் நெய்க்கு அலையக்கூட இல்லை. வெண்ணெயைச் சுவர்ப்பக்கம் தள்ளிவைத்துவிட்டு நாலரை வருடம் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். 'மிஸ், பிழைத்துப்போச்சு' என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த தபாலில், 'மற்ற டின்னைத் திறவுங்க' என்று ஒரு வரி வந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதை நினைக்கும்போது இன்றைக்கும் என் நெஞ்சு வலிக்கிறது.

நான் வாங்கிலேயே இருந்து அழுதுவிட்டேன். மிஸ் என்னைத் தேற்றவில்லை. பையைத் திறந்து காசை எடுத்து, சாமித்தம்பியைக் கூப்பிட்டு, கடையில் ஒரு பால் டின் வாங்கிவரச் சொன்னார். அவன் வந்ததும் தானே கோப்பையில் கரைத்தார்.

"கையக் கழுவுங்க" என்றார்.

"நானா மிஸ்? வேணாம். நீங்க செய்யுங்க."

"உங்கட கையாலதான் போன. உங்கட கையாலதான் வரோணும். சுறுக்காக் கழுவுங்க."

கழுவினேன். முழங்கை வரைக்கும் கழுவினேன். அந்த இலையில் நகக்கண் அளவு நனைத்து அரைத்து, புது நாற்றுகளில் தேய்த்தேன். மிஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நாற்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதினார். வளர்த்து வைத்திருந்த காட்டு வைரஸ் செடிகளையெல்லாம் அன்றே பிடுங்கி எரித்தோம். சாமித்தம்பிதான் நெருப்பு வைத்தான். ஏன் எரிக்கிறோம் என்று அவன் கேட்டான். பழசாப்போச்சு என்றார் மிஸ். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

நாலாம் கிழமை தங்கச் சோதனை. சுழற்றி நின்றதும் குழாயை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை; மிஸ் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தண்ணீர் வாவித் தண்ணீரைவிடத் தெளிவு. அடியில் ஒரு பொட்டுச் சிவப்பு. மிஸ் அந்தக் குழாயை என் கையில் தந்துவிட்டு, தகப்பனின் பெயரைச் சொல்லி ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டார். ஏனென்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இன்று தினமும் கையில் எடுக்கிற வைரஸ் அதுதான். உங்கள் பெயரோடு வருகிற ஒவ்வொரு கட்டுரைக்கும், மேசையில் நீங்கள் மின்னவைத்துக் காட்டுகிற அந்தச் சின்னப் பற்றரிக்கும் தாய் அந்த டின்னுக்குள் கிடந்த இலை. உங்களுக்கும் ஒருநாள் கை பிசகும். பிசகாத கை வேலை செய்யாத கை. அன்றைக்கு மாலையே யாருக்காவது சொல்லிவிடுங்கள். நீங்கள் திறக்காமல் வைத்திருக்கிற டின்னுக்குள் என்ன இருக்கிறதென்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அன்று சோதனை முடிந்ததும் மிஸ் அந்தப் பழைய பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். "எழுதுங்க" என்றார். கறைக்குக் கீழே எழுதப் பேனையை எடுத்து, வெட்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன். மிஸ்ஸும் வற்புறுத்தவில்லை. அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதனால்தான் தங்கச்சி, நீங்கள் என்னிடம் கேட்கவேண்டி வந்தது.

மேசையின் மூன்றாம் லாச்சியை இழுத்தால் பேனை இருக்கும். எனக்காக நீங்கள் அதில் எழுதிவிடுங்கள்: தங்கம் அல்ல, வெற்றிலை.